காரைக்குடியில இருந்து சென்னைக்கு ஒரு நாள்: மியூசியம், ஓவியக் கேலரி, சாயங்காலம் நாடகம் (முழு வழிகாட்டி)

நம்ம பக்கத்துல இருந்து சென்னைக்குக் கிளம்புனா கல்யாணம், ஆஸ்பத்திரி, ஜவுளி, இல்லைனா பிள்ளைய காலேஜ்ல விடுறது, இந்த நாலுல ஒன்னாத்தான் இருக்கும். ஓவியமும் சிலையும் நாடகமும் பாக்குறதுக்குனே ஒரு நாள் ஒதுக்கிப் போகலாம்னு நான் ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் வீட்டுல ஆச்சி, சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுக் காலேஜ் பசங்கனு ஒவ்வொரு செட்டா கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கேன். எல்லாரும் தடுமாறுற இடம் கிட்டத்தட்ட ஒன்னு தான்: காலையில எங்க போறதுங்கிறதுல ஆரம்பிச்சு பிளான் போடுறாங்க, சாயங்காலம் நாடகத்துக்கு வரும்போது நேரமும் இருக்காது, காலும் ஓய்ஞ்சிருக்கும். நாடகத்துல ஆரம்பிச்சு பின்னோக்கி வாங்க. கீழ இருக்கிற வரிசை அப்படித்தான் போட்டிருக்கேன், மாத்தாம அப்படியே செய்யுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பூட்டுப் போடக்கூடிய ஒரு சின்னப் பை, ஒரிஜினல் அடையாள அட்டை, நடந்து பழகின செருப்பு (புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம்), தண்ணி பாட்டில், போன் சார்ஜர், மெல்லிசா ஒரு சால்வை. சால்வை எதுக்குனா சபா (மெம்பர் சேத்து கச்சேரி, நாடகம் நடத்துற சங்கம்) ஹால்ல ஏசி பெரியவங்களுக்குத் தாங்காது, பாதி நாடகத்துல எந்திரிச்சு வெளிய வந்துட்ட ஆச்சிமாரை நான் பாத்திருக்கேன்.

1. முதல்ல நாடகம், அதுக்கப்புறம் தான் தேதி

மியூசியம் எங்கயும் ஓடிப்போகாது, நாடகம் அன்னைக்கு ஒரு நாள் தான். அதனால எந்தச் சனிக்கிழமை எந்த ஹால்ல என்ன நாடகம்னு முதல்ல பாருங்க. புக்மைஷோவுல தேடுங்க, சபா நிகழ்ச்சிகளுக்கு எம்டிஎன்டினு ஒரு தளம் இருக்கு அதுலயும் தேடுங்க. ஆழ்வார்பேட்டை டிடிகே ரோட்ல நாரத கான சபா, தி.நகர் ஜி.என். செட்டி ரோட்ல வாணி மஹால், மயிலாப்பூர்ல ரசிக ரஞ்சனி சபா, இதெல்லாம் தமிழ் நாடகம் நடக்கிற ஹால்கள். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்ல அலியான்ஸ் பிரான்சேஸ், எழும்பூர் மியூசியம் வளாகத்துக்குள்ளயே இருக்கிற மியூசியம் தியேட்டர், இங்க புதுசா முயற்சி பண்ற குழுக்களோட நாடகம், இங்கிலீஷ் நாடகம் எல்லாம் வரும்.

இங்க மூணு தப்பு அடிக்கடி நடக்குது. ஒன்னு, சபா நாடகம் சில சமயம் மெம்பருக்கு மட்டும் இருக்கும், வெளியாளுக்கு டிக்கெட் உண்டா இல்லையானு போன் போட்டுக் கேட்டுட்டுத் தான் மத்த வேலையப் பாக்கணும். ரெண்டாவது, மார்கழி. டிசம்பர் பாதிக்கு மேல சபாக்கள் எல்லாம் கச்சேரிக்குப் போயிடும், அந்த நேரத்துல நாடகம்னு தேடிப் போனா ஏமாற்றம் தான். கோடையில நிலைமை நேர்மாறு, கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்துற கோடை நாடக விழாவுல புது நாடகங்களா வரும், நம்ம பசங்களுக்கும் லீவு. மூணாவது, மொழி. போஸ்டர்ல பேரு தமிழா இருந்தாலும் நாடகம் இங்கிலீஷ்ல இருக்கலாம், பெரியவங்களக் கூட்டிட்டுப் போறவங்க இதக் கேட்டுக்கங்க.

முதல் தடவை வர்றவங்களுக்கு என் யோசனை, மியூசியம் தியேட்டர்ல நாடகம் இருக்கிற நாளாப் பாத்துப் பிடிங்க. பகல் முழுக்கச் சிலை, ஓவியம் பாத்த வளாகத்துலயே சாயங்காலம் நாடகம், நடுவுல டிராஃபிக்னு ஒன்னு இல்லவே இல்ல. 1896ல கட்டின அரங்கம், அரைவட்டமா இருக்கும், நடிக்கிறவங்க குரல் நல்லாக் கேக்கும்.

2. கிழமையச் சரி பாருங்க

எழும்பூர் அரசு மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. இத ரொம்பப் பேரு ஞாயித்துக்கிழமை லீவா இருக்கும்னு நினைச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை போய் கேட்டைப் பாத்துட்டுத் திரும்புறாங்க. தேசிய விடுமுறை நாள்லயும் திறக்க மாட்டாங்க. மத்த நாள்ல காலை 9.30ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும், ஆனா டிக்கெட் கவுன்டர் அதுக்கு முன்னாடியே மூடிடும்.

தனியார் கேலரிங்க பலதும் ஞாயிறு லீவு, வார நாள்ல நாடகம் கம்மி. ரெண்டையும் கழிச்சுப் பாத்தா சனிக்கிழமை தான் மிஞ்சும்.

3. திரும்பி வர்ற டிக்கெட்டை முதல்ல போடுங்க

போற டிக்கெட்டப் போட்டுட்டு, வர்றதுக்குப் பாத்துக்கலாம்னு விட்டா மாட்டிக்குவீங்க. காரணம் இது தான்: நாடகம் 6.30 இல்ல 7 மணிக்கு ஆரம்பிச்சு 9 மணி வாக்குல முடியும், எழும்பூர்ல இருந்து நம்ம பக்கம் வர்ற ராத்திரி ரயில் எல்லாம் அதுக்கு முன்னாடியே கிளம்பிடும். ரயில்ல திரும்பணும்னா நாடகத்தப் பாதியில விடணும், அப்படி விட்டுட்டு வர்றதுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்ல.

ரெண்டு வழி தான். ஒன்னு, ராத்திரி பஸ். இன்னொன்னு, அங்கயே தங்கிட்டு மறுநாள் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயில். பஸ்னா கவனிங்க, தென் மாவட்டப் பஸ்ஸுங்க இப்பக் கோயம்பேட்டுல இருந்து இல்ல, 2023 டிசம்பர் 30ல திறந்த கிளாம்பாக்கத்துல இருந்து தான். பழைய பழக்கத்துல கோயம்பேடு போயிட்டு அங்க இருந்து ஊரைச் சுத்திக் கிளாம்பாக்கம் வந்து பஸ்ஸைத் தவறவிட்டவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. நாடகம் முடியிற நேரத்துக்கும் பஸ் நேரத்துக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கட்டும், அதாவது 11 மணிக்கு மேல கிளம்புற பஸ்ஸாப் பாத்து புக் பண்ணுங்க, ஏறுற இடம் கிளாம்பாக்கம் தானானு டிக்கெட்ல படிங்க. அறுபது வயசுக்கு மேல யாராச்சும் கூட வந்தா பஸ் வேண்டாம், தங்கிடுங்க.

4. போற ரயில்

வெள்ளிக்கிழமை ராத்திரி ராமேஸ்வரத்துல இருந்து வர்ற ரயில்ல காரைக்குடியில ஏறுனா விடிஞ்சு எழும்பூர். பல்லவன்ல போகலாமேனு கேப்பாங்க, விடியக்காலை கிளம்பினாலும் அது சென்னை போய்ச் சேர மத்தியானம் ஆயிடும், பாதி நாள் போச்சு.

முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், நாடகத்தோட அறிவிப்பு அதுக்கப்புறம் கூட வரும், அதனால நாடகம் உறுதியானதும் அன்னைக்கே டிக்கெட்டப் போட்டுடுங்க. ரயில் எழும்பூர் வரைக்கும் போகுதா தாம்பரத்தோட நிக்குதானு டிக்கெட்லயே பாருங்க, ஸ்டேஷன் வேலை நடக்கிறப்போ மாத்துறாங்க. தாம்பரம்னாலும் பயப்பட ஒன்னும் இல்ல, பீச் போற லோக்கல் ரயில் எழும்பூர் வழியாத்தான் போகும்.

5. எழும்பூர்ல இறங்கினதும்: பை, குளியல், டிபன்

மியூசியம் திறக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கும், அவசரமே இல்ல. வெயிட்டிங் ரூம்ல முகம் கழுவி உடுப்பு மாத்திட்டு, பையக் கிளோக் ரூம்ல போட்டுருங்க. அங்க பூட்டு இல்லாத பைய வாங்க மாட்டாங்க, ரயில் டிக்கெட்டும் கேப்பாங்க, அதுக்குத் தான் மேல பூட்டுப் பைனு சொன்னேன். கூட வந்த ஒரு அண்ணன் கட்டைப் பையில துணிய வச்சுட்டு வந்து, கடைசியில நாள் முழுக்க அதத் தோள்ல தொங்கப் போட்டுக்கிட்டே சிலை பாத்தாரு, சாயங்காலம் ஹால் வாசல்லயும் பையோட உள்ள விடலாமா வேண்டாமானு ஒரு பேச்சு. ராத்திரி பஸ் பிடிக்கிறவங்க, ஆழ்வார்பேட்டையில நாடகம்னா, பைக்காக மறுபடி எழும்பூர் வரணுமேங்கிறதையும் கணக்குல வைங்க. அந்த நிலைமையில கைப்பை ஒன்னோட வர்றது நல்லது.

டிபன் ஸ்டேஷனுக்கு எதிர்ல காந்தி இர்வின் ரோட்டுப் பக்கம். நல்லா வயிறாரச் சாப்பிடுங்க, உள்ள போயிட்டா மத்தியானம் வரைக்கும் வெளிய வர வேண்டியிருக்காது. ஸ்டேஷன்ல இருந்து மியூசியம் இருக்கிற பாந்தியன் ரோடு பக்கம் தான், பெரியவங்க இருந்தா ஆட்டோ.

6. மியூசியம்: எத முதல்ல, எத விடணும்

இந்த வளாகத்துல 46 கேலரி. எல்லாத்தையும் பாக்கணும்னு நுழைஞ்சா நாணயம், கல்லு, பறவை, திமிங்கில எலும்புனு சுத்திட்டு, வெண்கலச் சிலைகிட்ட வரும்போது கண்ணும் காலும் சோர்ந்திருக்கும். நம்ம வந்தது கலைக்கு, அதனால மூணு மட்டும் போதும்: வெண்கலம், ஓவியம், அமராவதி (ஆந்திராவுல இருந்து வந்த பழைய பௌத்தச் சிற்பங்கள்). குழந்தைங்க இருந்தா மட்டும் கடைசியில மிருகங்கள் பக்கம் ஒரு சுத்து.

முதல்ல நேரா வெண்கலக் கேலரி. காலையில கூட்டம் கம்மி, ஸ்கூல் பசங்க பஸ் வர ஆரம்பிச்சுட்டா ஒரு சிலை முன்னாடியும் நிக்க முடியாது. இங்க ஒன்ன மனசுல வச்சுக்கங்க. நம்ம கோயில்ல உற்சவரைப் பாக்கும்போது பட்டு, மாலை, கவசம்னு மூடி முகம் மட்டும் தான் தெரியும், இங்க எந்த அலங்காரமும் இல்லாம உலோகம் மட்டும் நிக்கும். அதனால இடுப்பு வளைவு, விரல், முதுகுனு நம்ம வாழ்க்கையில பாக்காததெல்லாம் தெரியும். சிலைக்குப் பின்னாடி போக வழி இருந்தா கட்டாயம் போங்க, பின்னல், நகையோட முடிச்சு எல்லாம் முன்பக்கம் மாதிரியே வேலை பண்ணியிருப்பாங்க. பீடத்துல இருக்கிற ஓட்டையையும் வளையத்தையும் பிள்ளைங்ககிட்டக் காட்டுங்க, சாமி புறப்பாட்டுல அசையாம இருக்கக் கட்டுறதுக்கும் தண்டு கோக்குறதுக்கும் வச்சது அது.

ரெண்டு சிலைக்கு மட்டும் தலைக்குப் பத்து நிமிஷம் கொடுங்க. திருவாலங்காடு நடராஜர் ஒன்னு. இன்னொன்னு திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரர், 11ம் நூற்றாண்டு. சிவன் பக்கம் ரெண்டு கை, அம்மன் பக்கம் ஒரே கை, அத நீங்களா எண்ணிப் பாக்கும்போது தான் அந்த ஸ்தபதி ஒரே உடம்புல ரெண்டு பேர எப்படி நிக்க வச்சிருக்காருனு புரியும். இடுப்பு ஒரு பக்கம் நேரா இறங்கும், இன்னொரு பக்கம் வளையும், ஆனா சேர்ற கோடு எங்கனு தேடினாக் கிடைக்காது. என்கூட வந்த பிளஸ் டூ படிக்கிற பொண்ணு இந்தச் சிலை முன்னாடி இருபது நிமிஷம் நின்னுச்சு, நோட்டுல வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அன்னைக்கு அதுக்கப்புறம் எதையும் அவசரப்படுத்த எனக்கு மனசே வரல.

அடுத்து ஓவியம். நம்ம ஊர் வளவு வீடுகள்ல பட்டாலையில, இரண்டாங்கட்டுல எல்லாம் ரவிவர்மா பிரஸ்ல அச்சடிச்ச லட்சுமி, சரஸ்வதி படம் தொங்குறதப் பாத்தே வளர்ந்தவங்க நம்ம. அது அச்சு. இந்த மியூசியத்தோட சேகரிப்புல ரவிவர்மா கையால வரைஞ்ச எண்ணெய் ஓவியங்கள் இருக்கு. எந்தக் கட்டடம் திறந்திருக்கு, எது இப்பப் பார்வைக்கு இருக்குனு டிக்கெட் கவுன்டர்லயே கேட்டுருங்க, ஏன்னா இங்க கட்டடப் பராமரிப்பு வேலை மாத்தி மாத்தி நடக்கும், தேடித் திரிஞ்சு அரை மணி நேரத்த விட வேண்டாம். எண்ணெய் ஓவியத்துக்கு நேரா நிக்காம கொஞ்சம் சாய்வா நின்னு பாத்தா கண்ணாடி வெளிச்சம் அடிக்காது, பட்டுச் சேலை ஜரிகையில பிரஷ் ஓடின தடம் தெரியும்.

அமராவதிச் சிற்பங்கள் கடைசியா, முக்கால் மணி நேரம். பளிங்கு மாதிரி இருக்கும், ஆனா அது சுண்ணாம்புக்கல்லு.

போட்டோ எடுக்கணும்னா கேமரா டிக்கெட் விவரத்தக் கவுன்டர்ல கேட்டு வாங்கிக்கங்க. ஃபிளாஷ் கூடாது, தொடக்கூடாது. கும்பிடுறேன்னு சிலைப் பாதத்தத் தொடப்போன ஒரு அயித்தைய காவலர் தடுத்ததும் அவங்களுக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, இத நம்ம முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போகணும்.

7. மத்தியானம் ஒரு மணி நேரம் சும்மா இருங்க

பிளான்ல இத யாருமே போடுறதில்ல, ஆனா நாடகத்துல தூங்கி விழாம இருக்க இது தான் மருந்து. 12.30க்கு வெளிய வாங்க, சாப்பிடுங்க, உக்காருங்க. வீட்டுல இருந்து புளிச்சோறு கட்டிட்டு வந்தவங்க கேலரிக்குள்ள பிரிக்க வேண்டாம், வெளிய நிழல் பாத்து உக்காந்து சாப்பிட்டு இலையக் குப்பைத் தொட்டியில போடுங்க.

8. ரெண்டு மணிக்கு மேல: கிரீம்ஸ் ரோடு பக்கம் கேலரி

மியூசியத்துல இருந்து ஆட்டோவுல சீக்கிரமே கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி வந்துடலாம். இங்க இப்ப இருக்கிற ஓவியர்களோட கண்காட்சி மாறிக்கிட்டே இருக்கும், நுழைவு இலவசம். கண்காட்சி மாறுற நாள்ல ஹால் காலியா இருக்கும், அதனால முந்தின நாள் போன் பண்ணிடுங்க. பக்கத்துல காலேஜ் ரோட்ல அலியான்ஸ் பிரான்சேஸ்லயும் சில நாள் படம் வச்சிருப்பாங்க.

நம்ம ஆளுங்களுக்குக் கேலரிக்குள்ள போகவே ஒரு தயக்கம், வாங்குறவங்க மட்டும் தான் போகணுமோனு. அப்படி இல்ல. தாராளமாப் போங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உள்ள போனதும் விலைய முதல்ல பாக்காதீங்க, ஒரு சுத்து வேகமா வாங்க, எந்தப் படம் உங்கள நிறுத்துதோ அதுகிட்ட மட்டும் திரும்பப் போங்க. புரியலைனா பரவாயில்ல, நிறத்த மட்டும் பாருங்க, நம்ம வீட்டுத் தரையில பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லுல பச்சைக்குப் பக்கத்துல சிவப்ப ஏன் வைக்கிறாங்கனு தெரிஞ்ச கண்ணு தான நம்ம கண்ணு. படத்துப் பக்கத்துல சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தா அது வித்துப்போச்சுனு அர்த்தம். ஓவியர் பெரும்பாலும் அங்கயே ஓரமா உக்காந்திருப்பாரு, இத எப்படிப் பண்ணினீங்கனு ஒரு கேள்வி கேட்டாப் போதும், அரை மணி நேரம் ஆசையாப் பேசுவாங்க. இந்த நாள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் அது தான்.

9. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரை ரோடு) ஆசைய அன்னைக்கு விட்டுருங்க

ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம், கே.சி.எஸ். பணிக்கர் முன்ன நின்னு 1966ல தொடங்கினது. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா, அங்க நம்ம செட்டிநாட்டு வீடே ஒன்னு பிரிச்சுக் கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க. ரெண்டும் கட்டாயம் பாக்கணும், ஆனா எழும்பூர் மியூசியம் பாக்குற அதே நாள்ல வேண்டாம். போக வர ரோட்டுலயே மூணு மணி நேரம் போயிடும், திரும்பும்போது சனிக்கிழமை சாயங்கால ஈசிஆர் கூட்டத்துல மாட்டி நாடகத்தோட முதல் காட்சிய விட்டவங்க ரெண்டு செட்டு எனக்குத் தெரியும். தங்குறவங்க ஞாயித்துக்கிழமை காலையில சோழமண்டலம் மட்டும் போயிட்டு வரலாம். நாடகம் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம்னா கதை வேற, அப்ப மியூசியத்த விட்டுட்டு நாள் முழுக்க ஈசிஆர்லயே இருங்க. தட்சிணசித்ரா செவ்வாய் லீவு.

10. ஹாலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி

நாலரைக்குக் கேலரி முடிச்சிடுங்க. நாரத கான சபானா ஆயிரம் விளக்கு மெட்ரோவுல ஏறி தேனாம்பேட்டையில இறங்கி அங்க இருந்து ஆட்டோ. வாணி மஹால்னா எழும்பூர்ல இருந்து லோக்கல் ரயில், மாம்பலத்துல இறங்கணும். முழு தூரமும் கார்ல போகலாம்னு நினைக்காதீங்க, மெட்ரோ வேலை நடக்கிற ரோட்ல எது எப்ப ஒன் வே ஆகும்னே சொல்ல முடியாது.

ஹாலுக்குப் பக்கத்துல போய்ச் சேர்ந்த பிறகு இடைப்பலகாரம் சாப்பிடுங்க, வழியில வேண்டாம். நம்ம ஊர்த் திருவிழாவுல விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு 10 மணினு போட்டா 11க்குத் தான் திரை, நடுவுல எந்திரிச்சு டீ குடிச்சிட்டு வந்தாலும் ஒன்னும் ஆகாது. சபாவுல 6.30னா 6.30. சில ஹால்ல ஆரம்பிச்சப்புறம் உள்ள விடமாட்டாங்க, விட்டாலும் இருட்டுல மத்தவங்க காலை மிதிச்சுக்கிட்டுப் போகணும். சீட் நம்பர் இல்லாத டிக்கெட்டும் உண்டு, அதுக்கும் முன்னாடி வர்றது தான் வழி. இடம் கிடைச்சா நடு வரிசை, நாலுல இருந்து எட்டுக்குள்ள. முதல் வரிசையில உக்காந்தா கழுத்து வலிக்கும், மேடையோட ரெண்டு ஓரமும் ஒன்னாத் தெரியாது.

11. உள்ள உக்காந்ததும்

போனை சைலன்ட்ல போடாம அணைச்சே வைங்க, இருட்டுல ஸ்கிரீன் வெளிச்சம் நடிக்கிறவங்க கண்ணுல நேரா அடிக்கும். வீடியோ எடுக்காதீங்க. சீடை, தேன்குழல் எல்லாம் பையிலயே இருக்கட்டும், அந்தக் கவர் சத்தம் மேடை வரைக்கும் கேக்கும். நாடகம் முடிஞ்சு எல்லா நடிகரும் வரிசையா வந்து நின்னு பேர் சொல்லுவாங்க, அதுக்குள்ள பஸ்ஸுக்குனு எந்திரிச்சு ஓடாதீங்க, அந்த அஞ்சு நிமிஷக் கைதட்டலுக்காகவும் தான் அவங்க மாசக்கணக்கா ஒத்திகை பாக்குறாங்க. மூணாவது படியில பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் விடச் சொன்னது இதுக்கும் சேர்த்துத் தான்.

12. திரும்புறது

பஸ்னா: தேனாம்பேட்டையில மெட்ரோ ஏறி கிண்டி, அங்க லோக்கல் ரயில் மாறி வண்டலூர், அங்க இருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சா கிளாம்பாக்கம். வாணி மஹால்னா மாம்பலத்துலயே லோக்கல் ரயில். ராத்திரி நேரத்துல ரயில் இடைவெளி கூடும், அதனால ஹால் வாசல்ல நின்னு நாடகத்தப் பத்திப் பேசாம, ரயில்ல ஏறினதுக்கப்புறம் பேசிக்கங்க. கூட்டமா இருக்கிற குடும்பம்னா நேரா டாக்ஸியே போட்டுருங்க, பகல் நேரத்த விட ரோடு காலியா இருக்கும்.

தங்குறவங்க எழும்பூர் பக்கமே ரூம் போடுங்க, ஞாயிறு மத்தியானம் பல்லவன் அங்க இருந்து தான். காரைக்குடி வந்து சேர ராத்திரி 10 மணிக்கு மேல ஆகும், அந்நேரத்துக்கு தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர்னு உள்ள போறவங்களுக்கு டவுன் பஸ் கிடைக்கிறது சந்தேகம் தான், திருச்சி தாண்டினதுமே வீட்டுக்குப் போன் போட்டு வண்டி அனுப்பச் சொல்லிருங்க.